மணல் தரைக்கு ஏற்ற நில அதிர்வுமானி: செய்வதும் செம்மைப்படுத்துவதும்

இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறது. பகலில் தண்ணீர் மோட்டார், மின்விசிறி, ஐஸ் கம்பெனி மோட்டார் என்று வேலை போகும். இரவில், வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் நில அதிர்வுமானியோடு உட்கார்ந்துவிடுவேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: நம் ஊரில் நிலநடுக்கமே வராதே, இது எதற்கு?

நியாயமான கேள்விதான். 2002-ஆம் ஆண்டு நிலநடுக்க மண்டல வரைபடத்தில் நம் மாவட்டம் இரண்டாம் மண்டலத்தில், அதாவது ஆபத்து மிகக் குறைந்த பகுதியில் இருக்கிறது. ஆனால் சுமத்ராவிலோ இந்துகுஷ் மலையிலோ பூமி பெரிதாக அதிர்ந்தால், அந்த அலைகள் நம் காலடி மணல் வழியாகவும் கடந்து போகின்றன. மிக மெதுவான அலைவு என்பதால் உடம்புக்குத் தெரிவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று காலை 6.28 மணிக்குச் சுமத்ரா அருகே 9.1 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கிருந்து நமக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர். நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆனபோது முதல் அலை நம் தரைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. கடல் தமிழகக் கரைக்குள் ஏறியதோ இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. அந்த இடைவெளி முழுவதும் செய்தி நம் காலுக்குக் கீழேயே இருந்தது என்ற எண்ணம்தான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

இதை எச்சரிக்கைக் கருவியாக எண்ணிவிடாதீர்கள். அதற்கு ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் சுனாமி எச்சரிக்கைப் பிரிவு 2007 முதல் இயங்குகிறது. வீட்டில் செய்யும் கருவி பூமியைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு. அப்படிப் படிப்பதே பெரிய காரியம்.

இந்தக் கரையில் கருவி செய்கிறவர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது இது: அதிர்வை எடுத்துப் பெருக்குவது எளிது, இரைச்சலைக் குறைப்பதுதான் வேலை. மணல் சாய்கிறது, கடல் ஓயாமல் ஆட்டுகிறது, காற்று தள்ளுகிறது, உப்பு அரிக்கிறது. இந்த நான்கையும் ஒவ்வொன்றாக அடக்கினால் சாதாரணக் கருவியும் அருமையாகப் பதிவு செய்யும். அடக்காமல் பெருக்கத்தை மட்டும் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

எந்த வகையைச் செய்வது? எண்ணெய் வளம் தேடும் பணியில் பயன்படும் ஜியோபோன் 4.5 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 4.5 ஆட்டம்) தொடங்கிப் பக்கத்து அதிர்வுகளை நன்றாகப் பிடிக்கும். 20 விநாடிக்கு ஒருமுறை ஆடும் தொலைதூர அலைகளுக்கு அது போதாது. தொலைவிலிருந்து வருவதைப் பிடிக்க, கிடைமட்ட ஊசல்தான் என் தேர்வு. வீட்டு வாசல் கேட்டின் தூண் சற்றே முன்பக்கம் சாய்ந்திருந்தால், கேட்டைத் தள்ளிவிட்டாலும் அது ஓரிடத்துக்கே மெல்லத் திரும்பி வந்து நிற்கும். கருவியும் அதே அமைப்புதான். செங்குத்தான சட்டம், அதிலிருந்து கிடையாக நீளும் தண்டு, தண்டின் நுனிக்கு அருகே எடைக்குண்டு, சட்டத்தின் உச்சியிலிருந்து தண்டைத் தாங்கும் ஒரு கம்பி. தரை பக்கவாட்டில் நகரும்போது குண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். இரண்டுக்கும் இடையிலான நகர்வைத்தான், தண்டில் உள்ள கம்பிச்சுருளும் (காயில்) அடித்தட்டில் உள்ள காந்தமும் கொண்டு மின்னழுத்தமாக மாற்றிப் பதிவு செய்கிறோம்.

சட்டம் எவ்வளவு குறைவாகச் சாய்ந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு அலைவு நேரம், அதாவது ஒருமுறை ஆடி வர ஆகும் நேரம், நீளும். அச்சிலிருந்து குண்டு 60 செ.மீ. தள்ளி இருந்தால், ஒரு டிகிரி சாய்வில் அலைவு நேரம் 12 விநாடி. அரை டிகிரியில் 16 முதல் 17 விநாடி. கால் டிகிரியில் 23 விநாடிக்கு மேல். நீளமாக இருந்தால் நல்லதுதானே என்று எல்லோருக்கும் ஆசை வரும். பாறை மேல் வீடு உள்ளவர்கள் அப்படிச் செய்யலாம். மணலில் வேண்டாம். தரை பக்கவாட்டில் வெறும் 0.01 டிகிரி சாய்ந்தால், அதாவது ஒரு மீட்டருக்கு 0.17 மி.மீ. இறங்கினால், ஒரு டிகிரி அமைப்பில் குண்டு 6 மி.மீ. நகரும். கால் டிகிரி அமைப்பில் 24 மி.மீ. நகர்ந்து காந்தத்தில் போய் முட்டிவிடும். ஒரு நல்ல மழைக்கு நம் மணல் அவ்வளவு அசையும். ஆகவே 12 விநாடியில் தொடங்குங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் கருவி தன் இடத்தில் நின்றால் 15-க்குப் போகலாம்.

பாம்பனிலும் மண்டபத்திலும் சில இடங்களில் மணலுக்கு அடியில் பழைய பவளப் பாறை தட்டுப்படும். அது கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். அதன் மேலேயே மேடை எழுப்பலாம். மற்றவர்கள் மூன்றடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் ஊர் என்பதால் கோடையில் தோண்டுவது நல்லது. அடிமணலில் தண்ணீர் ஊற்றிக் கெட்டிப்படுத்தி, அதன் மேல் ஜல்லிக் கான்கிரீட்டால் இரண்டடிச் சதுர மேடை போடச் சொல்லுங்கள். கடற்கரை மணலும் உவர்ப்புக் கிணற்று நீரும் கலவைக்கு ஆகாது. காவிரிக் குடிநீரையே பயன்படுத்துங்கள். கம்பி கட்டாதீர்கள். இரும்பு துருப்பிடித்துப் பருத்தால் மேடையே வெடிக்கும். முக்கியமாக, மேடை அறையின் தரையையோ சுவரையோ தொடக் கூடாது. சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விட்டு அதில் தெர்மக்கோல் செருகுங்கள். கொத்தனார் அழகுக்காக அந்த இடைவெளியைச் சிமென்ட் வைத்துப் பூசிவிடுவார்; பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். தரையோடு மேடை ஒட்டிவிட்டால் வீட்டில் யார் நடந்தாலும் பதிவில் விழும்.

தென்னையும் பனையும் அருகில் இருக்கக் கூடாது. காற்றில் மரம் ஆடும்போது வேர் தரையையே சாய்க்கிறது. தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம்: பதிவின் கோடு நேராக நிற்காமல் மேலும் கீழுமாக அலையும். இராமேசுவரம் ரயில் பாதையிலிருந்தும் மதுரை நெடுஞ்சாலையிலிருந்தும் எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு நல்லது.

திசையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். தண்டு எந்தத் திசையில் நீள்கிறதோ அதற்குக் குறுக்கான அசைவைத்தான் கருவி உணரும். சுமத்ரா நமக்குக் கிழக்கு-தென்கிழக்கில் இருக்கிறது. அங்கிருந்து வரும் ராலே அலைகள் தரையை வரும் திசையிலேயே முன்னும் பின்னும் ஆட்டும். எனவே தண்டைத் தெற்கு வடக்காக வைத்தால், கிழக்கு மேற்கு அசைவில் அவை நன்றாகத் தெரியும். வடக்கே இமயப் பகுதியிலிருந்து வரும் லவ் அலைகள் தரையைக் குறுக்காக ஆட்டுபவை. அவையும் இதே அமைப்பில் சிக்கும். ஒரே கருவி என்றால் தெற்கு வடக்குதான்.

பொருள்களுக்கு வருவோம். தண்டும் சட்டத்தின் முன்பகுதியும் பித்தளை அல்லது அலுமினியத்தில் இருக்கட்டும். இரும்பு இருந்தால் காந்தம் இழுத்துவிடும். தாங்கும் கம்பிக்குத் துருப்பிடிக்காத எஃகில் 0.4 மி.மீ. கம்பி வாங்குங்கள். நம் ஊரில் கைக்கு எளிதில் கிடைப்பது தங்கூசி, அதாவது நைலான் தூண்டில் நரம்பு, என்பதால் அதைக் கட்டிப் பார்க்கத் தோன்றும், கூடாது. நைலான் எடையைத் தாங்கத் தாங்க நீண்டுகொண்டே போகும், ஈரத்தை உறிஞ்சும். எடைக்கு, வலையில் கட்டும் ஈயத் துண்டுகளைப் பித்தளைச் செம்புக்குள் நெருக்கி அடுக்கி எபாக்ஸி ஊற்றி இறுக்குங்கள். மொத்தம் இரண்டு கிலோ போதும். வீட்டில் ஈயத்தை உருக்க வேண்டாம், அதன் புகை நஞ்சு.

தண்டின் பின்முனை சட்டத்தில் ஊன்றும் இடம்தான் கருவியின் உயிர். பேரிங் கடையில் கிடைக்கும் எஃகுக் குண்டு ஒன்றைத் தண்டின் முனையில் பதித்து, லேத் பட்டறையில் கழித்த கார்பைடு வெட்டுமுனையின் தட்டையான முகத்தில் அது ஊன்றும்படி வையுங்கள். சோதிக்க ஒரு வழி உண்டு: அலைவை அடக்கும் தணிப்பு எதுவும் இல்லாமல் தண்டை ஒரு விரற்கடை தள்ளிவிட்டுப் பாருங்கள். வீச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்து நிற்க வேண்டும். பாதியில் சட்டென்று நின்றால் முனையில் உராய்வு இருக்கிறது. எத்தனை ஆயிரம் ரூபாய் மின்னணுவியல் வாங்கி மாட்டினாலும் அந்தக் குறை தீராது. இரண்டாம் கட்ட மேம்பாடாக, ஊன்றுமுனையையே எடுத்துவிட்டு, மேலிருந்து ஒரு கம்பி, கீழிருந்து ஒரு கம்பி என இரண்டு இழுகம்பிகளில் தண்டைத் தொங்கவிடலாம். உராய்வே இருக்காது. இதைச் சோல்னர் தொங்கல் என்பார்கள்.

அடித்தட்டுக்கு மூன்று திருகுக் கால்கள். சட்டத்தின் பக்கம் இரண்டு, குண்டின் பக்கம் ஒன்று. முதலில் ரசமட்டம் வைத்துப் பக்கவாட்டைச் சரிசெய்யுங்கள். பிறகு குண்டின் பக்கத்துக் காலை மெல்ல உயர்த்துங்கள். உயர்த்த உயர்த்த அலைவு நேரம் நீளும். ஒரு மி.மீ. புரி உள்ள போல்ட்டும், முன் பின் கால்களுக்கு 50 செ.மீ. இடைவெளியும் இருந்தால், ஒரு முழுச் சுற்றுக்குச் சாய்வு 0.115 டிகிரி மாறும். கால் சுற்று, பிறகு ஐந்து அலைவுகளின் நேரம், மறுபடி கால் சுற்று என்று போக வேண்டும். எல்லை தாண்டினால் தண்டு நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாய்ச் சரிந்துவிடும். ஒரு சுற்று திரும்பி வந்தால் போதும்.

இனி காயில். இது என் தொழில் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். 40 கேஜ் எனாமல் கம்பி எடுங்கள். அதன் தடிமன் 0.122 மி.மீ. மின்விசிறிக்குக் கட்டும் 36 கேஜுக்குப் பழகிய கைக்கு இது முடியாகத் தெரியும், இழுத்தால் அறுந்துவிடும். சராசரி விட்டம் 4 செ.மீ. வரும்படி பிளாஸ்டிக் அச்சு ஒன்று செய்து, அதில் 5,000 சுற்று சுற்றுங்கள். கம்பி மொத்தம் 630 மீட்டர் ஓடும், எடை 66 கிராம் வரும். கம்பி உருளையைக் கிடையாகப் போட்டு உருளவிட்டால் கம்பி வெட்டி இழுக்கும். உருளையை நிமிர்த்தி வைத்து, கம்பி மேலாக உருவி வரும்படி விடுங்கள்; பழைய வேட்டித் துணியை இரு விரலுக்கு நடுவில் வைத்து அதன் வழியாக ஓடவிட்டால் இழுவிசை சீராக இருக்கும். ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி மெல்லிய காகிதச் சுற்று ஒன்று கொடுங்கள். முடிந்ததும் மல்டிமீட்டரில் 920 ஓம் அளவில் காட்ட வேண்டும். மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளே சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு மேலே போகாதீர்கள், அவிழ்த்துக் கட்டுங்கள். பிறகு மோட்டார் வார்னிஷில் முக்கி, குமிழி அடங்கும்வரை ஊறவிட்டு, உலர்த்திச் சூடேற்றுங்கள். வார்னிஷ் போடாத காயில் இந்தக் காற்றில் தாக்குப்பிடிக்காது. முனைகளைப் பற்றவைத்த இடத்தில்தான் முதலில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அங்கே எபாக்ஸி தடவுங்கள்.

காயில் தண்டில் இருக்கட்டும், காந்தம் அடித்தட்டில் இருக்கட்டும். காந்தத்தைத் தண்டில் மாட்டினால் அருகில் உள்ள இரும்பெல்லாம் அதைத் தொட்டு இழுக்கும். பழைய ஹார்டு டிஸ்கில் இருந்து எடுத்த நியோடிமியம் காந்தங்கள் நன்றாக உழைக்கும், ஆனால் அவற்றின் முலாம் கீறினால் உப்புக் காற்றில் மாவாக உதிர்ந்துவிடும். அவற்றுக்கும் வார்னிஷ்தான் கவசம்.

தணிப்புக்கு எண்ணெய்க் கிண்ணம் வேண்டாம். நம் வெயிலில் பகலுக்கும் இரவுக்கும் எண்ணெயின் குழைவு மாறும். தண்டில் 3 மி.மீ. செம்புத் தகடு ஒன்றைப் பொருத்தி, அது இரண்டு காந்தங்களுக்கு நடுவே போய்வரும்படி செய்யுங்கள். தகட்டில் எழும் சுழல் மின்னோட்டம் அலைவை அடக்கும். குண்டை 10 மி.மீ. இழுத்து விட்டால், அது நடுவைத் தாண்டி மறுபக்கம் அரை மில்லிமீட்டர் அளவே போய்த் திரும்ப வேண்டும். காந்த இடைவெளியைக் கூட்டிக் குறைத்து இந்த நிலையைப் பிடியுங்கள்.

மின்னணுப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதற்குக் கருவிகள் கடையிலேயே கிடைக்கின்றன. ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு கணிப்பலகையில், மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 10 பிட் மாற்றி அதை 1,024 படிகளாகத்தான் பிரிக்கும். சிறிய அலைகள் படிகளுக்கு நடுவில் தொலைந்துபோகும். மின்னணுத் தராசுகளில் இருக்கும் ஹெச்எக்ஸ்711 சில்லு 24 பிட், விலையும் மலிவு. அதன் உள்ளீட்டில் காயிலின் ஒரு முனையைச் சில்லுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தின் பாதியில் நிறுத்த மறக்காதீர்கள். விநாடிக்கு 10 அளவீடு தொலைதூர நடுக்கங்களுக்குப் போதும். நேரத்துக்கு ஜிபிஎஸ் மாட்யூல் ஒன்று கட்டாயம் வேண்டும். மின்வெட்டுக்கு 12 வோல்ட் பேட்டரி. இவ்வளவுதான்.

பெட்டியை மூடும் விதம் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் அதில் கிடைக்கும் பலன் பெரிது. தெர்மக்கோல் ஒட்டிய மரப்பெட்டியால் முழுவதையும் மூடி, இடுக்குகளில் நுரைப் பட்டை ஒட்டுங்கள். பெட்டிக்குள் கீழே சூடும் மேலே குளிர்ச்சியும் இருந்தால் காற்று சுழன்று தண்டைத் தள்ளும். மூடியின் உட்புறத்தில் அரை வாட் வெப்பம் தரும் மின்தடை ஒன்றை ஒட்டினால் மேலே சூடான காற்று அசையாமல் நிற்கும், பதிவின் கோடும் அடங்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். எறும்பும் சிலந்தியும் புகாமல் பாருங்கள். தண்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரே ஓர் இழை ஓடினாலும் அலைவு மாறிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் பதிவில் ஓயாத ஆட்டம் ஒன்று இருக்கும். அது கடல். கரையை நோக்கிப் போகும் அலையும் திரும்பும் அலையும் மோதும்போது, கடல் அலையின் நேரத்தில் பாதி நேரத்துக்கு ஒருமுறை தரை அமுங்கி எழுகிறது. ஆழ்கடலில் இருந்து 12 விநாடி அலை வந்தால் தரையில் 6 விநாடி ஆட்டம். கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கத்து ஆண்கடல் கொந்தளிக்கும்போது இது உயரும். வாடைக் காற்றில் வடக்கே பாக் விரிகுடாப் பக்கத்துப் பெண்கடலும் தன் பங்குக்குக் குறுகிய ஆட்டத்தைச் சேர்க்கும். இதைக் கருவியால் தடுக்க முடியாது, வடிகட்டலாம். தொலைதூர நடுக்கத்தின் மேற்பரப்பு அலைகள் 20 விநாடியை ஒட்டி வருகின்றன. எனவே 10 விநாடிக்குக் குறைந்த அலைவுகளை வெட்டி ஒரு படம், ஒரு ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை மட்டும் வைத்து இன்னொரு படம் என இரண்டாகப் பாருங்கள். வெட்டாத மூலப் பதிவை எப்போதும் தனியாகச் சேமியுங்கள்.

செம்மைப்படுத்துகிறேன் என்று ஒரே நாளில் மூன்று மாற்றம் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒரு மாற்றம், பிறகு காற்றில்லாத இரவில் ஒரு மணி முதல் நான்கு மணி வரை பதிவு, முந்தைய பதிவோடு ஒப்பீடு. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க வழி உண்டு. காயிலைக் கழற்றி, அதே 920 ஓம் மின்தடையை அங்கே இணைத்து ஓர் இரவு விடுங்கள். அப்போது தெரிவது மின்னணுவின் இரைச்சல் மட்டும். அடுத்து காயிலை இணைத்துத் தண்டை இறுகக் கட்டிப் பதியுங்கள். கூடுவது கம்பிவழி நுழையும் மின்சார இரைச்சல். கட்டை அவிழ்த்தால் கூடுவது தரையும் காற்றும். முதல் படியே பெரிதாக இருந்தால் பெருக்கியை மாற்றுங்கள். கடைசிப் படியில்தான் எல்லாம் என்றால் பெட்டியையும் மேடையையும் கவனியுங்கள். நண்பர் ஒருவரும் கருவி செய்திருந்தால் இரண்டையும் ஒரே மேடையில் ஒரே திசையில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒன்றாக வருவது பூமி, ஒன்றில் மட்டும் வருவது அந்தக் கருவியின் குறை. இதைவிட நேர்மையான சோதனை இல்லை.

பெரிதாக ஏதாவது பதிவானால் டெல்லியில் உள்ள தேசிய நில அதிர்வு மையத்தின் பட்டியலில் நேரத்தைச் சரிபாருங்கள். சுமத்ராவின் வடமேற்கில் என்றால், நடுக்கம் நிகழ்ந்து நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் பி அலை (முதலில் வரும் அமுக்க அலை), ஏழரை நிமிட அளவில் எஸ் அலை (அடுத்து வரும் குறுக்கலை), பத்து நிமிடத்தை ஒட்டி மேற்பரப்பு அலைகள் வர வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் உங்கள் கடிகாரமும் கருவியும் சரியாக இருக்கின்றன. பதிவின் உயரத்தை வைத்துச் சுனாமி என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் அதிர்ந்தது. கடலடித் தட்டு பக்கவாட்டில் நகர்ந்த நடுக்கம் என்பதால் பெரிய சுனாமி எழவில்லை. நம் கிடைமட்ட ஊசல் அந்த வேறுபாட்டைச் சொல்லாது.

ஒவ்வொரு பதிவோடும் அன்றைய அலைவு நேரம், தணிப்பு நிலை, பெருக்கம், காற்று எந்தப் பக்கம் என்பவற்றை நோட்டில் எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ரசமட்டத்தை மறுபடி வைத்துக் கால்களைச் சரிசெய்து, கம்பி முனைகளில் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்த்து, வார்னிஷ் உரிந்த இடத்தில் புதிதாகத் தடவுங்கள். அதன் பிறகு, கிழக்கு மேற்காகத் தண்டு நீளும் இரண்டாவது கருவியை அதே மேடையில் கட்டத் தொடங்கலாம்.